யானைக்குக் குரைக்கவும் வேணும், பாண்காரருக்கு நிறுத்தவும் வேணும்

கேள்வி சுருக்கமாக இது. நெடுங்கேணிப் பக்கம், ஒழுங்கையோடு ஒட்டிய அரை ஏக்கர் வளவு. இரண்டு வயதுக் கடுவன், நாட்டு நாய். பகலில் படலையடி வேம்பில் சங்கிலியில் நிற்கும், இரவில் அவிழ்த்து விடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்காரர், பாண் ஓட்டோ என்று ஒழுங்கையால் போகிற எல்லோருக்கும் குரைக்கிறது. இரவிலும் ஓய்வில்லை. பக்கத்து வளவில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, அங்கிருந்து முறைப்பாடு வந்துவிட்டது. "வாயை அடியோடு அடைக்கவும் ஏலாது, யானை வந்தால் சொல்ல எங்களுக்கு வேறு ஆளில்லை. என்ன செய்யலாம்?"

அடைக்கத் தேவையில்லை. வன்னியில் வாயில்லாத நாய் வளர்த்து என்ன பயன்? ஆனால் எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாயும் காவலுக்கு உதவாது. பாண் ஓட்டோவுக்கும் யானைக்கும் ஒரே கத்தல் என்றால், மூன்றாம் மாதம் வீட்டில் ஒருவரும் எழும்பிப் பார்க்கமாட்டார்கள். வர வேண்டியது வருகிற இரவிலும் "அது சும்மா குரைக்குது" என்று புரண்டு படுப்பார்கள். ஆகவே பழக்க வேண்டியது இதுதான்: நாலைந்து தரம் குரைத்துச் செய்தியைச் சொல்ல வேண்டும், நீங்கள் "காணும்" (போதும்) என்றதும் நிறுத்தி உங்களிடம் திரும்ப வேண்டும். இரண்டு வயது நாய்க்கு, வீட்டார் எல்லோரும் ஒத்துழைத்தால், மூன்று தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும்.

ஏன் இவ்வளவு குரைக்கிறது என்பதை நாயின் பக்கமிருந்து பாருங்கள். ஒருவர் ஒழுங்கையால் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் போய்விடுகிறார். அவர் தன் வேலைக்குத்தான் போனார் என்பது நாய்க்குத் தெரியாது. தான் குரைத்துத்தான் துரத்தியதாக எடுத்துக்கொள்கிறது. ஒரு நாளில் 40 பேர் போனால் 40 தரம் வெற்றி. இரண்டு வருடமாக இந்தச் சம்பளம் தவறாமல் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் நீங்கள் குசினியிலிருந்து "ஏய்! சீ! வாயை மூடு!" என்று கத்தும்போது, வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் அதற்குப் படும். பின்னேரங்களில் பிள்ளைகள் விளையாட்டாக "ச்சூ, பிடி" என்று ஏவிவிடும் வழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே நிற்பாட்டுங்கள். ஒரு கையால் நீர் இறைத்து மறு கையால் வரம்பை வெட்டின கதை அது.

வேலை தொடங்குமுன் மூன்று நாள் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நேரம், எதற்குக் குரைத்தது, எவ்வளவு நேரம், எப்படி நின்றது. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் "நாள் முழுக்கக் குரைக்குது" என்று சொல்லப்படும் நாயைக் குறித்துப் பார்த்தால், அநேகமாக அது நாலைந்து நேரங்களில் குவிந்திருக்கும். காலை ஏழு மணியை ஒட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதன் பிறகு மீன்காரரின் ஹோன், ஒன்றரைக்குப் பிள்ளைகள் திரும்புவது, பின்னேரம் பாண் ஓட்டோவின் பாட்டு, இரவு ஊர் நாய்களின் கூட்டுக் கச்சேரி. எந்த நேரத்தில் நீங்கள் ஆயத்தமாக நிற்க வேண்டும் என்பதை அந்தக் கொப்பிதான் சொல்லும். ஆறு கிழமைக்குப் பிறகு முன்னேற்றம் உண்டா என்று பார்க்கவும் அதே கொப்பிதான். எங்கள் காதை இதில் நம்பக்கூடாது. எரிச்சலில் இருக்கிற காதுக்கு ஐந்து நிமிடமும் அரை மணித்தியாலமும் ஒன்று.

பிறகு, பயிற்சிக்கும் முதல், நாயை நிற்க வைத்திருக்கும் இடத்தை மாற்றுங்கள். உங்கள் விடயத்தில் பாதிப் பிரச்சினை அந்தப் படலையடி வேம்புதான். ஒழுங்கையில் போகிற ஒவ்வொருவரையும் காட்டி, கிட்டப் போகவும் விடாமல், விலகிப் போகவும் விடாமல் சங்கிலியில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கட்டில் நிற்கிற நாய்க்கு ஓடித் தப்ப வழி இல்லை; மிச்சம் இருப்பது வாய் மட்டும்தான். கட்டுத்தறியை வீட்டின் பின்பக்கம், கிணற்றடி அல்லது குசினிப் பக்கம் கொண்டுபோங்கள். ஆட்கள் நடமாடும் இடமாகவும், மத்தியானம் நிழல் விழும் இடமாகவும் இருக்க வேண்டும். படலையிலிருந்து 60, 70 அடி தள்ளிப் போனாலே குரைப்பு கண்கூடாகக் குறையும்.

மரத்தில் நேரே கட்டுவதை விட ஓடுகம்பி நல்லது. இரண்டு மரங்களுக்கு இடையே 40 அடி நீளத்தில், நிலத்திலிருந்து 7 அடி உயரத்தில், 10 கேஜ் கல்வனைஸ் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். மரத்தைச் சுற்றும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப் துண்டு வைத்தால் பட்டை வெட்டுப்படாது. கம்பியில் வழுக்கி ஓடும் ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து 8 அடி மெல்லிய சங்கிலி, கழுத்துப் பட்டிப் பக்கம் சுழலும் கொக்கி. கொக்கி சுழலாவிட்டால் இரண்டு நாளில் சங்கிலி முறுக்கேறி அரை நீளமாகிவிடும். கம்பியின் இரு முனையிலும், மரத்திலிருந்து 8 அடிக்கு முன்னாலேயே, சிறு கம்பித் துண்டை இறுக்கிச் சுற்றி முட்டு வையுங்கள். வளையம் அதைத் தாண்டினால் நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு முழத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும், பிறகு அதற்கும் குரைக்கும். கம்பிக்கும் வேலிக்கும் இடையில் குறைந்தது 10 அடி இருக்கட்டும். வேலி பாயக்கூடிய தூரத்தில் கட்டினால் பாய்ந்து மறுபக்கம் தொங்கிச் செத்துப்போகும். புதுக் கம்பி ஒரு கிழமையில் தொய்யும், திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். தண்ணீர்ச் சட்டியைச் சங்கிலி தட்டிக் கவிழ்க்காத இடத்தில், பாதி மண்ணுக்குள் புதைத்து வையுங்கள்.

ஓடுகம்பியும் முழு நாளுக்கான தீர்வு ஆகாது. காலையிலும் பின்னேரமும் அரை மணித்தியாலமாவது கயிற்றில் பிடித்து, வயல் வரம்பு, குளக்கட்டு என்று மணக்க விட்டு நடத்திக்கொண்டு வாருங்கள். நாயைக் களைக்க வைப்பதற்கு ஓட்டத்தை விட மணத்தல் நல்லது. மத்தியானச் சோற்றைக் கோப்பையில் வைக்காமல், உரிமட்டைக்குள் அடைத்தோ சருகுக்குள் தூவியோ வைத்தால் இருபது நிமிடம் தேடித் தின்னும். அந்த இருபது நிமிடமும் வாய் வேறு வேலையில் இருக்கும்.

வேலியில், நாயின் கண் மட்டத்தை மறையுங்கள். நிலத்திலிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு கிடுகு, பனையோலை, அல்லது கறுப்பு நிழல்வலை போதும். கறையான் ஏறாமல் ஓலையின் அடி நிலத்தில் முட்டாதபடி இரண்டு விரலளவு தூக்கிக் கட்டுங்கள். தகரம் வேண்டாம், காற்றுக்கும் சத்தம், நாய் பாய்ந்தாலும் சத்தம், அந்தச் சத்தத்துக்கு இன்னும் குரைக்கும். மறைப்பு கட்டியவுடன் எல்லாம் முடிந்ததென்று எண்ண வேண்டாம். மனிதக் காதுக்கு எல்லை 20,000 ஹேர்ட்ஸ் என்றால் நாய்க்கு ஏறக்குறைய 45,000. மணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆள் வருவது தெரியத்தான் செய்யும். ஆனால் காண்பது, கேட்பது, மணப்பது மூன்றில் ஒன்றைக் குறைத்தால் பயிற்சி எடுபடும் அளவுக்குச் சூடு தணியும்.

இனிப் பயிற்சி. ஒரு சொல் தெரிவு செய்யுங்கள். "காணும்" நல்ல சொல்: சிறியது, கோபமில்லாமல் சொல்லலாம், யாருக்கும் மறக்காது. வீட்டில் அப்பாச்சி "சீ", மகன் "சட் அப்", நீங்கள் "உஷ்" என்றால் நாய்க்கு ஒன்றும் விளங்காது. எல்லோருக்கும் ஒரே சொல்.

தீன் அதற்கு வழக்கமாகக் கிடைக்காத ஒன்றாக இருக்க வேண்டும். சோறு தினமும் வருகிறது, அதற்காக மீன்காரரை விட்டுத் திரும்பாது. உப்பில்லாமல் அவித்த கோழி இறைச்சி, ஈரல், முட்டை, முள் நீக்கிய மீன் என்பவை சரி. நெத்தலிக் கருவாடு என்றால் அரை மணித்தியாலம் ஊறவைத்து இரண்டு தரம் தண்ணீர் மாற்றி உப்பை எடுத்துவிடுங்கள். துண்டு கடலைப்பருப்பு அளவு போதும். பெரிய துண்டு கொடுத்தால் மெல்லுவதிலேயே நேரம் போகும், வயிறும் நிரம்பிவிடும். ஒரு நாளைக்கு 50, 60 துண்டு செலவாகும். நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்து, அந்தளவை இரவுச் சோற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரல் கூடினால் வயிற்றாலே போகும். கறிச்சட்டியில் எடுத்த இறைச்சி வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு.

முதல் மூன்று நாள் குரைப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. நாய் அமைதியாக இருக்கும்போது, பின்வளவில், "காணும்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். ஒரு கணம் விட்டு, துண்டை அதன் வாயில் வையுங்கள். சொல் முதல், கை பிறகு. இரண்டும் ஒன்றாக வந்தால் நாய் கையைத்தான் பார்க்கும், சொல்லைக் கேட்காது. 15 தரம் செய்து நிறுத்துங்கள். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள்; பங்குனி, சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிற நாய்க்கு ஒன்றும் ஏறாது. மூன்றாம் நாள் பின்னேரம் சோதியுங்கள்: அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லைச் சொன்னால் தலை வெட்டித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இன்னும் இரண்டு நாள் இதே வேலைதான். இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் பிறகு "எங்கட நாய்க்கு இது சரிவராது" என்பார்கள்.

அடுத்து, நாய்க்குப் பழக்கமான ஒருவரை, மகனையோ மச்சானையோ, ஒழுங்கையில் நடக்கச் சொல்லுங்கள். நாய் உங்கள் கையில், 10 அடிக் கயிற்றில், படலையிலிருந்து 100 அடி தள்ளி. அவர் தெரிந்ததும் காது முன்னே விறைக்கும், வால் உயரும், மூடிய வாயால் ஒரு "வுஃப்" வரும். ஒன்றிரண்டு குரைப்பை விடுங்கள், அது அதன் வேலை. பிறகு ஒரே ஒரு முறை "காணும்". தலை திரும்பின கணமே இரண்டு மூன்று அடி பின்னால் நடந்து, வாயில் துண்டு. பிறகு இன்னொன்று, இன்னொன்று, நாலைந்து துண்டு ஒவ்வொன்றாக, அந்த ஆள் கடந்து போகும்வரை. நீங்கள் பின்னால் நடப்பது முக்கியம். "காணும்" என்றால் வாயை மூடுவது மட்டுமில்லை, அங்கிருந்து விலகி உங்களிடம் வருவது என்று உடம்பில் பதியும்.

துண்டை வாயருகே பிடித்தும் மணக்கவே மாட்டேன் என்று ஒழுங்கையையே பார்த்தால், அது அடம் என்று எண்ண வேண்டாம். தூரம் காணாது. இன்னும் 30 அடி பின்னுக்குப் போங்கள். அந்த அளவு கொதிப்பில் இருக்கிற நாய் எதையும் படிக்காது.

மௌனத்தை மெல்ல நீட்ட வேண்டும். முதலில் இரண்டு விநாடி அமைதிக்கு ஒரு துண்டு. பிறகு மூன்று, ஐந்து, எட்டு, பதினைந்து. ஒரேயடியாக ஏறிக்கொண்டே போகாமல் இடையிடையே இரண்டு விநாடிக்கும் கொடுங்கள். எப்போது வரும் என்று தெரியாத கூலிக்குத்தான் நாய் கவனமாகக் காத்திருக்கும். பத்துத் தடவையில் எட்டு சரியென்றால் படலைக்கு 10 அடி கிட்டப் போங்கள். அடுத்தடுத்து இரண்டு தரம் பிழைத்தால் பழைய தூரத்துக்குத் திரும்புங்கள். தூரத்தைக் குறைக்கிற நாளில் நேரத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுகிற நாளில் தூரத்தைக் குறைக்காதீர்கள்.

மச்சானுக்கு நிறுத்தப் பழகின நாய் மீன்காரருக்கும் நிறுத்தும் என்று நினைக்கக் கூடாது. அவருக்கு ஹோன் உண்டு, மோட்டச்சைக்கிள் உண்டு, மீன் மணமும் உண்டு. உண்மையான ஆட்களுக்கு இரண்டாம் கிழமைதான் போக வேண்டும். கொப்பியில் குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னரே நாயைக் கயிற்றில் எடுத்து, மடியில் துண்டுகளோடு பின்வளவில் நில்லுங்கள். பாண் ஓட்டோ இதில் வசதி: பாட்டு அரைக் கட்டைக்கு அப்பாலேயே கேட்கும். பாட்டு மெலிதாகக் கேட்கும்போதே, குரைப்பு வருமுன்பே, "காணும்", துண்டு. கிட்ட வர வரத் துண்டுகள் அடுக்காக. பாட்டு நின்றதும் தீனும் நிற்கும். ஒரு பத்து நாளில் பாட்டைக் கேட்டவுடன் படலைக்கு ஓடாமல் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்கும்.

இதோடு சேர்த்து, விறாந்தையில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு, "சாக்குக்குப் போ" என்று பழக்கினால் பிறகு வேலை மிகவும் சுலபம். சாக்கில் நிற்கத் துண்டு, இருக்க இன்னொன்று, படுக்க மூன்று. படுத்திருக்கிற நாய்க்குக் குரைப்பது கொஞ்சம் கஷ்டமான வேலை. ஆட்கள் வீட்டுக்கு வரும்போது இது கைகொடுக்கும்.

பிழைகள் வருவது இப்படி. "காணும் காணும் காணும்" என்று அடுக்கினால் அந்தச் சொல் பின்னணி இரைச்சலாகிவிடும். ஒரு தரம் சொல்லி, திரும்பாவிட்டால் வாய் பேசாமல் கயிற்றோடு பின்னுக்கு நடந்து தூரத்தைக் கூட்டுங்கள். துண்டு தாமதமாகப் போனால், இடையில் வந்த குரைப்புக்குக் கூலி கொடுத்ததாகிவிடும். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது: புத்தியுள்ள நாய் குரைத்து, உங்களைத் திரும்பிப் பார்த்து, துண்டு கேட்கும். குரைத்தால் "காணும்" வரும், "காணும்" வந்தால் ஈரல் வரும் என்று கணக்குப் போட்டுவிட்டது. கோபிக்க வேண்டாம். இனிமேல் குரைத்து நிறுத்தினதற்கு ஒரு சின்னத் துண்டு, ஆள் போகும்போது குரைக்காமலே உங்களைப் பார்த்ததற்கு ஐந்து துண்டு. ஒரு கிழமையில் கணக்கை மாற்றிப் போடும்.

நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று குரைக்கிறது, அவிழ்த்துவிடச் சொல்லிக் குரைக்கிறது என்பவை வேறு வகை. அவை கேட்கிற குரைப்பு. அங்கே "காணும்" கூடச் சொல்ல வேண்டாம். முகத்தைத் திருப்பி, பேசாமல், பார்க்காமல் இருங்கள். வாய் ஓய்ந்து ஐந்து விநாடி ஆனதும் கவனியுங்கள். ஒரு எச்சரிக்கை: நிற்பதற்கு முன் அது கூடும். மூன்றாம் நாலாம் நாள் வீட்டையே பிடுங்குகிற மாதிரிக் கத்தும். அந்த நேரம் பொறுக்க முடியாமல் ஒரு பாண் துண்டை எறிந்தீர்களோ, "இவ்வளவு உரத்துக் கத்தினால்தான் கிடைக்கும்" என்று படித்துவிடும். பழைய நிலையை விட மோசமாகும். முழு வீடும் தாங்குமென்றால் மட்டும் தொடங்குங்கள்.

இரவுக்கு வருவோம், உங்களுக்கு முக்கியமான பகுதி இதுதான்.

நாயின் உடம்பைப் பார்த்தால் எதற்குக் குரைக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆளென்றால் படலைக்கோ வேலிக்கோ ஓடிப்போய் நின்று, விட்டுவிட்டுக் குரைக்கும். தூரத்து ஊர் நாய்களுக்கென்றால் தலையை நிமிர்த்தி, நீட்டி, ஊளையும் கலந்து வரும். உடம்பில் பதற்றம் இருக்காது. பாம்பென்றால் ஒரே இடத்தைப் பார்த்து, தலையைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் துள்ளித் துள்ளிக் குரைக்கும். மாரி மழைக்குப் பிறகு கிணற்றடியிலும் விறகுக் குவியலிலும் இப்படி நின்றால் முதலில் நாயைக் கூப்பிட்டு எடுங்கள், பிறகு ரோச் அடித்துப் பாருங்கள். புடையன் என்றால் நாய்க்கும் உங்களுக்கும் ஆபத்து ஒன்றுதான். யானை, கரடி போன்ற பெரிய மிருகமென்றால் பல நாய்கள் வேலிக்குப் போகாமல் வீட்டோடு ஒட்டி நின்று, முதுகு மயிர் சிலிர்த்து, ஒரே திசையைப் பார்த்து, உறுமலும் குரைப்புமாகப் பின்வாங்கும். எல்லா நாயும் ஒரே மாதிரி இல்லை. உங்கள் நாயின் வழக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்தால் ஒரு போகத்துக்குள் அதன் பாஷை பிடிபட்டுவிடும்.

இரவு ஒழுங்கு இப்படி இருக்கட்டும். குரைத்ததும் ஒருவர் எழும்ப வேண்டும். முற்றத்துக்கு இறங்காமல் விறாந்தையில் நின்று, நாய் பார்க்கும் திசைக்கு ரோச் அடித்து, வேலி ஓரம், வாழைப்பக்கம், மாட்டுக்கொட்டில் எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "காணும், வா". வந்ததும் தடவி ஒரு துண்டு. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது நாய்க்குத் தெரிந்தால் ஓய்ந்துவிடும். கூப்பிட்டு வந்த பிறகும் திரும்பிப்போய் அதே திசைக்குக் குரைத்தால் அதை மதியுங்கள், இன்னொரு முறை பாருங்கள். பார்க்காமலே படுக்கையில் கிடந்து "காணும்" என்று கத்தினால் இரண்டு நட்டம்: சொல்லும் செத்துப்போகும், காவலும் போகும்.

நெல் கதிர் தள்ளி முற்றுகிற தை மாதத்தை ஒட்டி யானையும் பன்றியும் வயலுக்கு இறங்கும் காலத்தில், இரவில் நாயை வளவில் அவிழ்த்துவிடாதீர்கள். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். அவிழ்த்த நாய் யானையை நோக்கி ஓடும், யானை திரும்பித் துரத்தினால் நேரே எசமானிடம்தான் ஓடிவரும், பின்னால் யானையும் வரும். கரடிக்கும் இதே கதைதான். கட்டி வைத்த நாய் தப்ப முடியாமல் மிதிபடும். விறாந்தையைக் கம்பிவலை அடித்து உள்ளே படுக்க விடுவது, இல்லாவிட்டால் குசினிக்குள் விடுவது நல்லது. அங்கிருந்தே அதற்கு மணக்கும், கேட்கும், சொல்லும். காவல் கொட்டிலுக்குக் கொண்டுபோவதானாலும் கயிற்றில்தான். பற்றைக்குள் பாய்ந்து போன நாயைத் தேடி, கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கிற பக்கம் இரவிலோ பகலிலோ இறங்க வேண்டாம். அது தானே வரும்.

ஊர் நாய்களின் கச்சேரிக்கு மருந்து சுலபம்: மறைவான இடத்தில் படுக்க வைத்து, பக்கத்தில் மின்விசிறியோ சின்னதாக ரேடியோவோ ஓடவிட்டால் பாதி கேட்காது. இரவுச் சாப்பாட்டைப் பிந்தி, எட்டு மணியளவில் கொடுத்து, அதன் பிறகு ஒருமுறை வெளியே நடத்துங்கள். பெட்டை நாய் காலத்துக்கு வந்திருக்கும் மூன்று கிழமையளவில் அயலில் உள்ள கடுவன்கள் எல்லாம் குழம்பும், அப்போது பயிற்சி முன்னேறவில்லையே என்று மனம் விட வேண்டாம். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தால் அலைச்சலும் சண்டையும் குறையும். படலையடிக் குரைப்பு அதனால் நிற்காது, அது பழக்கம்.

யானைவெடிக்கும் இடிக்கும் நடுங்கிக் குரைக்கிற நாயை "காணும்" என்று அடக்கப் பார்க்காதீர்கள். அது பயம். உள்ளே கூட்டிவந்து, பக்கத்தில் இருந்து, தடவிக் கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது பிழையான நம்பிக்கை. பகலில், கையடக்கத் தொலைபேசியில் வெடிச் சத்தத்தைக் கேட்டும் கேளாத அளவில் போட்டு, தீன் கொடுத்து, ஒரு கிழமைக்கு ஒரு படி என்று ஒலியைக் கூட்டிப் பழக்கலாம். ஐப்பசி மழை தொடங்குமுன்னரே, ஆடி ஆவணியில் தொடங்க வேண்டும்.

செய்யக் கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிப்பது, மிளகாய்த் தண்ணீர் தெளிப்பது, மின்னதிர்ச்சிப் பட்டி போடுவது மூன்றும் குரைப்பை அடக்கினாலும், போகிற ஆளைக் கண்டால் வலிக்கும் என்று படிப்பிக்கும். அடுத்த கட்டம் குரைக்காமலே கடிப்பது. வாயைக் கயிற்றால் கட்டுவது இவற்றை விட மோசம். நாய் நாக்கை வெளியே போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. வாய் கட்டின நாய் எங்கள் வெயிலில் மிகக் குறைந்த நேரத்தில் சூடேறிச் சாகலாம். உறுமுகிற நாயை அதற்காகத் தண்டிக்கவும் வேண்டாம், கடிக்குமுன் அது தருகிற கடைசி அறிவிப்பு அதுதான்.

பயிற்சிக்கு அடங்காத குரைப்பு என்றால் உடம்பைப் பாருங்கள். காதுக்குள் சீழ், உண்ணி, சொறி இருந்தால் நாய் நித்திரை கொள்ளாது. நித்திரையில்லாத நாய் இலை அசைந்தாலும் குரைக்கும். பத்து வயதை அண்டின நாய் நள்ளிரவில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் காது மந்தமோ மூளைத் தளர்ச்சியோ இருக்கலாம், கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். எல்லாவற்றிலும் கவனமானது குரல் மாற்றம். திடீரென்று குரல் கம்மி, கரகரத்து, குரைப்பு ஊளையாக முறிந்து, எச்சில் வடிந்து, விழுங்கக் கஷ்டப்பட்டால் அது விசர்நோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். தனியாக அடைத்துவிட்டுக் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். கடியோ எச்சிலோ பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே ஆசுபத்திரி. வருடாந்தத் தடுப்பூசி போட்டிராவிட்டால் பயிற்சிக்கு முதல் அதை முடியுங்கள்.

அயல்வீட்டுக்கு இன்றைக்கே ஒரு நடை போய்ச் சொல்லிவிடுங்கள்: தொடங்கியிருக்கிறோம், ஆறு கிழமை தாருங்கள், இடையில் ஒரு கிழமை வழக்கத்தை விடக் கூடுதலாகக் கத்தும். பிள்ளை படிக்கிற நேரத்தைக் கேட்டு, அந்த நேரத்துக்கு நாயை உள்ளே எடுங்கள், உரிமட்டைத் தீனை அப்போது கொடுங்கள். சொல்லாமல் விட்டால் இப்படியான சச்சரவுகள் இணக்கசபை வரைக்கும் போகும். அங்கேயும் கடைசியில் கேட்பது "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்றுதான், அப்போது காட்ட அந்தக் கொப்பி இருக்கும். முடிந்தால் அந்தப் பிள்ளையையே பின்னேரம் ஒருக்கால் வரச்சொல்லி, வேலிக்கு மேலால் "காணும்" சொல்லி நாலு துண்டு போடவிடுங்கள். அந்தக் குரலுக்கும் நிறுத்தப் பழகினால், நீங்கள் வயலில் நிற்கிற நேரத்திலும் அவர்களுக்கு ஒரு வழி இருக்கும்.